ஏடு பெயர்த்தல்

2016 டிசம்பரில் சயனோஜென்மோட் நின்றுபோனது. அடுத்த மாதமே அதன் வழித்தோன்றலான லீனியேஜ் ஓஎஸ்ஸுக்கு என் கைபேசியை மாற்ற முற்பட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே மென்பொருள்தான். கையொப்பச் சாவிகள் மட்டும் வேறு. ஆகவே பழைய தரவைத் துடைத்துவிட்டு நிறுவுவதே வழக்கம். துடைக்காமல் மாற விரும்புவோர்க்கெனத் தனியே ஒரு சோதனைப் பதிப்பை வெளியிட்டிருந்தார்கள். அதன் குறிப்பைப் படிக்க எனக்குப் பொறுமையில்லை. பாடபேதம் தேடுகிறவனுக்கு இந்த அவசரம் ஆகாதுதான்.

டீடபிள்யூஆர்பி கொண்டு முழு நகல் எடுத்தேன். செயலிகளும் அமைப்புகளும் அதில் அடங்கும். அகச் சேமிப்பகம் அடங்காது. அது தெரிந்திருந்தும் நகலை அகச் சேமிப்பகத்திலேயே வைத்தேன்! சாதாரணமாகத் துடைத்திருந்தால் அது தப்பியிருக்கும். நான் தேர்ந்ததோ 'ஃபார்மேட் டேட்டா'. 'யெஸ்' என்று தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தேன்.

செயலிகளை மறுநாளே மீண்டும் நிறுவிக்கொண்டேன். திரும்பாதது அத்தை பாடிய ஒப்பாரி, நாற்பது நிமிடப் பதிவு. அத்தை இறந்து அப்போது ஓராண்டு. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறவன் நான். பெயர்த்தெழுதாமலே விட்டவர்களைச் சற்றுக் கடிந்தும் பேசுவதுண்டு.

2021 முதல் லீனியேஜிலேயே சீட்வால்ட் என்னும் நகலெடுப்பு வசதி உண்டு. மீட்புக்காக அது தந்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதித் தொல்காப்பிய உரைக்குள் வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவுகளைக் கணினியிலும் தனியே சேர்க்கிறேன்.

அத்தையின் பாட்டை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஏழு அடிகள் தேறின.