எலி பாஷாணமும் பெரியம்மாவும்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலை மருந்துக் கடைக்காரருக்கு ஓய்வென்பதே கிடையாது. 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று நிற்பார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க அவருக்கு ஏது பொழுது?

என் பெரியம்மா அந்த ஊர்வாசி. வயது 74. சில வருஷங்களாக அவளுடைய இருதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. இந்த வியாதியில் இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்தால் பாரிச வாயு. மற்றவர்களைவிட 5 மடங்கு அபாயம். வால்வும் பழுதானால் இன்னும் அதிகம். அதனால்தான் டாக்டர் வார்ஃபரின் கொடுத்தார்.

இந்த மருந்தின் ஜாதகம் விசித்திரமானது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் மடிந்தன. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் கார்ல் பால் லிங்க் என்பவர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி பாஷாணமாக வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தாயிற்று.

"எலிக்கு வச்சதையா எனக்கு வச்சிருக்கான்?" என்றாள் பெரியம்மா.

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அதே மாத்திரை சாப்பிட்ட அடுத்த தெருக்காரர் ஒருவர் மூளையில் ரத்தம் கசிந்து போய்விட்டாராம். அன்று முதல் அவள் மாத்திரையை விழுங்காமல் முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயத்தில் நியாயமில்லாமல் இல்லை. 18,000 பேருக்கு மேல் பங்குகொண்டு 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் 8 பேருக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்தது. அபிக்ஸபான் என்ற புது மருந்தில் 3 பேருக்குத்தான். அதையே கொடுக்கலாமே என்று கேட்டேன். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் பெரியம்மாவின் வால்வைச் சுருக்கியிருக்கிறது, அதனால் முடியாது என்றார் டாக்டர். இத்தகைய நோயாளிகளை வைத்து 2022-ல் வெளியான ஆராய்ச்சியில், ரிவரொக்ஸபான் என்ற இன்னொரு புது மருந்தைவிடப் பழைய மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள்.

"மாத்திரையை நிறுத்தினா அடைப்பு வரும், அளவு தப்பினா கசியும். நடுவிலே நடக்கணும் பாட்டி" என்றார். நடு என்பது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் 2-க்கும் 3-க்கும் இடையே. ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. கீரையை விட வேண்டாம். ஒரு நாள் கட்டுக்கட்டாகத் தின்று மறுநாள் பட்டினி போடாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். முழங்கால் வலி மாத்திரையைக் கேட்காமல் தொடக் கூடாது.

பெரியம்மா முடிச்சை அவிழ்த்தாள். கிரிவலத்தை மட்டும் விடவில்லை. அக்னி லிங்கம் வரை நடந்துவிட்டு ஆட்டோவில் திரும்புகிறாள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டாள். காயமில்லை, வலியில்லை. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றாள். மகன் கேட்கவில்லை, அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தான். கசிவு இல்லை. ஆனாலும் மெல்லக் கசிந்து பின்னால் தெரியவரலாம். தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எது கண்டாலும் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரவில் இரண்டு மணிக்கொரு தரம் மகன் எழுப்பிப் பேசிப் பார்த்தானாம்.

"தூங்கவிடாம உசிரை எடுத்துட்டான்" என்று என்னிடம் புகார் சொன்னாள்.