உழவர் சந்தை யாருக்கு?

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை சேலத்தில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி என்று நிலைத்ததற்குக் காரணம் மண்பாசம் அல்ல, கணக்கு. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் இலவசம். மண்டி விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே விலை வைப்பதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கட்டுப்படியாகிறது. வியாபாரிகளே உழவர் வேஷத்தில் உட்காருகிறார்கள் என்பார்கள். சில இடங்களில் நடப்பதுதான். அடையாள அட்டையை ஒழுங்காகச் சோதித்தால் போதும்.

விற்க உட்கார்ந்தால் தோட்ட வேலை கெடுமே என்பதுதான் கனமான கேள்வி. காலையோடு வியாபாரம் முடிவதால் கீரையும் கத்தரியும் போடும் சிறு விவசாயிக்கு அது தாங்கும். ஏக்கர் கணக்கில் மரவள்ளி போட்டவருக்கு ஜவ்வரிசி ஆலைதான் கதி. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரும் லாரி லாரியாகக் கேரளாவுக்கு அனுப்பும் முட்டையைக் கூடையில் வைத்து விற்றுத் தீர்க்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது வேறு ஏற்பாடு.