பொய்த் தந்தி

“சனிக்கிழமை விடியற்காலம் காலிங் போறேன். நீங்களும் வர்றீங்களா?”

பக்கத்து சீட் பெரியவர் இப்படிக் கேட்டபோது நான் கான்ஃபரன்ஸ் கால் என்றுதான் நினைத்தேன். ‘சனிக்கிழமையுமா? அமெரிக்காவிலும் இதே கொடுமைதானா!’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, “ஷ்யூர் சார்” என்று தலையாட்டி வைத்தேன். ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் விசாரிப்பது நமக்கு ரத்தத்திலேயே ஊறிய பழக்கம்.

விசாரித்தேன். பகீரென்றது.

கூப்பிடப் போவது கஸ்டமரை இல்லையாம். கயோட்டியையாம்!

இது நடந்தது 2014 ஜனவரியில். அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். ஆறு மாத ப்ராஜெக்ட்டுக்காகக் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் வெளிநாடு. நாலு பாட்டில் ஊறுகாய், ஒரு மங்கி குல்லாய் சகிதம் போய் இறங்கியிருந்தேன். “பாலைவனத்துக்கு எதுக்குங்க குல்லாய்?” என்று என் மனைவி சிரித்தாள். ஜனவரி மாதம் பாலைவனத்து விடியற்காலையில் வந்து நின்றிருந்தால் அவளும் ஒன்று கேட்டு வாங்கியிருப்பாள்.

கயோட்டி என்பது நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். அதை வரவழைக்க ஒரு சின்னக் குழல் வைத்திருந்தார் பெரியவர். உள்ளே நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி ஒரு மெல்லிய நாக்கு. ஊதினால், அடிபட்ட முயல் உயிருக்குப் போராடிக் கதறுகிற குரல் வரும். ‘ஆகா, டிபன் ரெடி!’ என்று கயோட்டி ஓடிவரும். டெக்ஸாஸில் மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் 1950களிலேயே இந்தக் குழல்களை விற்றுப் பேர் வாங்கியவர்கள். இப்போது பேட்டரி ஸ்பீக்கரே வந்துவிட்டது. பட்டனைத் தட்டினால் முயல் அழும், அடுத்த பட்டனில் மான்குட்டி அழும்.

பெரியவருக்கு ஸ்பீக்கர் பிடிக்காது. துப்பாக்கியையும் விட்டுவிட்டார். அரிசோனாவில் லைசென்ஸ் இருந்தால் கயோட்டியை வருஷம் பூராவும் சுடலாம். இவரோ, “சுட்டதெல்லாம் போதும்” என்று பத்து வருஷமாக வெறும் கேமராவோடுதான் போகிறாராம்.

அதிகாலை மூன்றரைக்குக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே டூசான் பக்கம் விட்டார். ஆளரவமற்ற பொதுநிலம். இருட்டில் ஆள் உயரத்துக்கு மேலே கைகளைத் தூக்கிக்கொண்டு கும்பல் கும்பலாக யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சகுவாரோ கள்ளிகளாம். நான் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

ரூல்ஸ் சொன்னார். காற்று நம் முகத்துக்கு நேரே வர வேண்டும், நம் வாசனை அதற்குப் போகக் கூடாது. புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. அசையக் கூடாது.

“தும்மல் வந்தா?”

“முழுங்கணும்.”

அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சி. நாய் ஜாதிக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியுமாம். ஒன்றும் சொல்லாமல் தன் பழைய கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். தோனிக்கே திரை போட்டாயிற்று.

ஊதினார்.

சார், நான் எத்தனையோ திகில் படம் பார்த்தவன். ஆனால் அந்தச் சத்தம் வயிற்றைப் பிசைந்துவிட்டது. முயல் மாதிரியே இல்லை. தூளியில் கிடக்கும் பச்சைக் குழந்தை மூச்சடைத்துக் கத்துவது போல இருந்தது. எழுந்து ஓடித் தூக்க வேண்டும் போல எனக்கே கை பரபரத்தது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒன்றும் வரவில்லை. கிழக்கே லேசாக வெளுத்தது. கண் சொக்கும் நேரத்தில், யாரோ பின்னந்தலையில் ஓங்கி அறைந்தார்கள்!

“ஐயோ அம்மா!”

அசையக் கூடாது என்ற ரூல் அவுட். என் மங்கி குல்லாய் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. கொம்பு மாதிரி இரண்டு காதுமயிர் வைத்த ஒரு பெரிய ஆந்தை, குல்லாயின் உச்சியில் இருந்த குஞ்சலத்தை முயல் என்று நினைத்துக் கொத்திக்கொண்டு போகிறது! இறக்கைச் சத்தம் துளியும் இல்லை. ஆந்தை பறந்தால் காது கேட்காது என்பது தலையில் அடி வாங்கிய பிறகுதான் புரிகிறது. முப்பது அடி தள்ளிப் போய், ‘சீ, உல்லன்!’ என்று கீழே போட்டுவிட்டது.

பெரியவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குல்லாயை எடுக்கப் போனேன். அங்கேதான் இரண்டாவது கண்டம். சோயா. நம் சோயா பீன்ஸ் இல்லை. எழுத்தில் ‘சோல்லா’, வாயில் ‘சோயா’. ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பேர். லேசாக உரசினாலே முள்ளுருண்டை கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும் கள்ளி. ஆளைப் பார்த்துத் தாவும் என்றே அங்கே சொல்கிறார்கள். என் முழங்காலில் ஒரு உருண்டை. பெரியவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தார். ‘எனக்கு உயிர் போகுது, இவர் தலை வாரப் போறாரா?’ என்று நான் முறைப்பதற்குள், சீப்பை முள்ளுக்கும் காலுக்கும் நடுவில் கொடுத்து ஒரு நெம்பு. உருண்டை பறந்தது. கள்ளிக்காடு போகிறவர்கள் சீப்பில்லாமல் போவதில்லையாம். வழுக்கைத் தலைக்காரர் சீப்பு வைத்திருந்த ரகசியம் விளங்கியது.

சூரியன் எழுந்ததும் வேறு இடம். ஊதினார். இந்தத் தடவை வந்தேவிட்டது கயோட்டி! தூரத்து மேட்டில் சாம்பல் நிறத்தில், காதை விடைத்துக்கொண்டு. நாலடி வந்தது. நின்றது. இன்னொரு தரம் ஊதினார். குழலையே கேலி செய்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

“இது ஏற்கெனவே ஏமாந்தது. ஒரு தடவை பொய்யின்னு தெரிஞ்சா, அப்புறம் நிஜ முயல் அழுதாக்கூட யோசிச்சுத்தான் வரும்” என்றார் கிசுகிசுப்பாக.

அப்போது அது எனக்கு ஒரு தகவல். அவ்வளவுதான்.

“நீங்க ஊதிப் பாருங்க” என்று மூன்றாவது இடத்தில் குழலை என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் மவுத் ஆர்கன் வாசித்தவன் நான். தம் கட்டி ஊதினேன். முயல் மாதிரி வரவில்லை. ஏதோ ஒரு ஜீவன் மாதிரி வந்தது. ‘ம்ம்மீய்ய்...’ என்று இழுத்து இழுத்து ஒரு ஓலம். எனக்கே பரிதாபமாக இருந்தது.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்பக்கம் சரசரவென்று சத்தம். அப்புறம் ‘டக் டக் டக்’ என்று கொட்டாங்கச்சியை மோதுகிற மாதிரி ஒரு சத்தம். குப்பென்று ஒரு நாற்றம். திரும்பினால், எட்டுப் பத்துப் பன்றிகள்! கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. முதுகு மயிர் குத்திட்டு நிற்கிறது. பல்லைப் பல்லோடு அடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடி வருகின்றன.

ஹவெலினா. இதற்கும் எழுத்தில் ‘ஜ’, வாயில் ‘ஹ’. பன்றி மாதிரி இருந்தாலும் பன்றிக் குடும்பம் இல்லை, தனிக் குடும்பமாம். அந்த நேரத்தில் குடும்ப விவரமா கேட்கத் தோன்றும்? கிட்டத்தில் இருந்த மரத்தில் ஏறலாமென்று பார்த்தேன். அது கள்ளி.

பெரியவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் ஆட்டி, “ஹேய்! ஹேய்!” என்று கத்தினார். நானும் கத்தினேன், என் பாஷையில். கூட்டம் திகைத்து, இரண்டாகப் பிரிந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் கலைந்தது. அவற்றுக்குக் கண் பார்வை மட்டு, மூக்குதான் எல்லாம்.

நான் கைகால் நடுக்கம் நின்று சிரிக்க ஆரம்பித்தேன். “கயோட்டிக்கு இலை போட்டோம், பன்றி வந்து உட்கார்ந்துடுச்சே! இதுங்களும் முயல் தின்னுமா சார்?”

பெரியவர் சிரிக்கவில்லை. “இதுங்க திங்க வரலை. நீங்க ஊதினது குட்டி அழுற மாதிரி கேட்டிருக்கு. யாரோ குட்டியைப் பிடிச்சுட்டாங்கன்னு மீட்க வந்திருக்கு.”

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். மற்றவை எல்லாம் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. புதர் புதராக மூக்கை நுழைத்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. தேடுகிறது. இல்லாத குட்டியை.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. நானும் ஒரு முறை இப்படி ஊதியிருக்கிறேன்.

1996 மார்ச். நான் மெட்ராஸில், திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஒன்பதாம் தேதி பெங்களூரில் உலகக் கோப்பை கால் இறுதி, இந்தியா - பாகிஸ்தான். ரூம்மேட் எப்படியோ டிக்கெட் வாங்கிவிட்டான். லீவு? அந்த மேனேஜரிடம் லீவு கேட்பதும் சிங்கத்திடம் சில்லறை கேட்பதும் ஒன்று. அதனால் கோவில்பட்டியில் இருந்த என் சிநேகிதனுக்குச் சொல்லி, ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு தந்தி அடிக்க வைத்தேன். ‘மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’

இந்தக் காலத்துத் தம்பிகளுக்குத் தந்தி தெரியாது. 2013-ல் அதை மூடியே விட்டார்கள். அந்த நாளில் ஆபீஸ் உலகத்தில் எத்தனை அம்மாக்கள் டெஸ்ட் மேட்ச் சமயத்தில் சீரியஸ் ஆனார்கள், எத்தனை பாட்டிகள் இரண்டு மூன்று தடவை செத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை தந்தி வந்தது. சிங்கம் உருகிவிட்டது. “போப்பா, உடனே கிளம்பு” என்று கையில் நூறு ரூபாயும் கொடுத்தார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெங்களூர் ரயில் ஏறினேன்.

நான் கூப்பிட்டது லீவை மட்டும்தான். ஆனால் அந்த மேனேஜர் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என் தாய்மாமா. ராயப்பேட்டையில் அச்சாபீஸில் கம்பாசிட்டர். ‘உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம்’ என்று அவருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மாமா மை படிந்த கையோடு ஓடியிருக்கிறார். மோதிரத்தை அடகு வைத்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மூவாயிரம் ரூபாயை இடுப்பில் முடிந்துகொண்டு, திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே போயிருக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால், அக்கா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“என்னடா தம்பி, திடீர்னு?”

“சும்மாதான்க்கா. பாக்கணும்னு தோணுச்சு.”

அவ்வளவுதான் சொன்னாராம். அப்புறம் தெருவுக்கு வந்து என் சிநேகிதனைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவன் முழித்த முழியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அஜய் ஜடேஜா வக்கார் யூனிஸை வெளுத்து வாங்கினார். நான் கேலரியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இந்தியா 39 ரன்னில் ஜெயித்தது.

திங்கட்கிழமை காலை மேன்ஷன் வாசலில் மாமா நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“மேட்ச் நல்லா இருந்துச்சா மாப்ளே?”

அவர் விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மோதிரத்தை நான் மீட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு இந்தக் கதை கடைசி வரை தெரியாது. மாமா சொல்லவேயில்லை.

2003-ல் ஒரு ராத்திரி அம்மாவுக்கு நிஜமாகவே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி பூத்திலிருந்து மாமாவுக்கு போன் போட்டேன். “மாமா, அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ்...”

எதிர்முனையில் ஒரு நொடி அமைதி.

“நெசமாடா?”

ஒரே வார்த்தை. ஏழு வருஷத்துக்கு முந்தைய தந்திக்குப் பதில் அன்றைக்குத்தான் வந்தது. எனக்கு வாய் வரவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே, “சரி சரி, கிளம்பிட்டேன்” என்று வைத்துவிட்டார். விடிவதற்குள் வந்து நின்றார். அம்மா அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார்.

கயோட்டியாக இருந்தால் பாதி வழியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். அதற்கு வேண்டியது இரை. மாமா வந்தது இரைக்காக இல்லையே.

அன்று அதற்கு மேல் நான் ஊதவில்லை. “ஒரே ஒரு தடவை?” என்று பெரியவர் கேட்டார். குழலைத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த ஒற்றை ஹவெலினா அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ரூமிலிருந்து ஊருக்கு போன் செய்தேன். அங்கே மறுநாள் காலை ஆறரை. மாமாதான் எடுத்தார்.

“என்னடா இந்த நேரத்துல? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா. எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மா உங்க குரல் கேக்கணும்னு தோணுச்சு.”

ஒரு நொடி அமைதி.

“நெசமாடா?”