பனியும் பங்கும்

பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் மூவர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு உடம்பைப் பற்றித்தான் தொடங்கும். மார்கழி மாதமானால் உடம்பையும் முந்திக்கொண்டு பனி வந்துவிடும். காட்டுப்பள்ளிக் கடற்கரைப் பனியைப் பற்றி உதகமண்டலத்து வாசிகள் கேள்விப்பட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஆனால் நம் நண்பர்களோ காதை மூடும் கம்பளிக் குல்லாய் இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை. பனிக்கு அடுத்தபடியாக அவர்களுக்குப் பிரியமான விஷயம் பங்கு மார்க்கெட். நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாதாகையால் இரண்டுமே சம்பாஷணைக்கு மிகவும் ஏற்றவை.

2023-ஆம் வருஷம் டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறையில், மீஞ்சூரில் வசிக்கும் அத்தகைய ஆசிரியர் மூவருடன் நாமும் இறால் வாங்கக் காட்டுப்பள்ளிப் பக்கம் போயிருந்தோம். ஒருவர் அவ்வருஷந்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்றவர்கள் கணக்கு ஆசிரியரும் தமிழாசிரியரும். சாலையோரத் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்தோம். எதிரே கண்டெய்னர் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த மாதம் சென்செக்ஸ் 70,000 புள்ளியைத் தாண்டிவிட்டது, தெரியுமோ?" என்றார் கணக்கு ஆசிரியர், தம் பேரன் பரீட்சையில் தேறிவிட்டதைப் போல.

"தாண்டியது வாஸ்தவம். 2020 மார்ச் 23-ஆம் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிக்குமேல் விழுந்ததே, அதை மறந்துவிட்டீரா?" என்றார் தலைமையாசிரியர்.

"விழுந்தது எழுந்திருக்கவில்லையா, ஸார்?"

"அது எழுந்திருக்கும்வரை நான் இருக்க வேண்டுமே!"

தலைமையாசிரியரின் கவலை நியாயமானது. பணிக்காலம் முழுவதற்கும் கைக்கு வந்த தொகை பாங்கியில் சும்மா கிடந்தது. அதை 'இண்டெக்ஸ் பண்டு' என்னும் குறியீட்டு நிதியில் போடச் சொல்லிக் கணக்கு ஆசிரியர் ஆறு மாதமாக வற்புறுத்திவந்தார். நிப்டி என்னும் பட்டியலில் 50 பெரிய கம்பெனிகள் உண்டு. நாம் போடும் பணத்தை அந்த ஐம்பதிலும் அவற்றின் பெருமைக்கேற்பப் பங்கிட்டுவிடுவார்கள். இன்ன கம்பெனி நல்லது என்று ஆராயும் சாமர்த்தியசாலிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமாகையால் செலவும் சொற்பம்.

இந்த விவாதத்தில் நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவரல்ல. மூவரும் பழைய ஓய்வூதியக்காரர்கள். மாதம் பிறந்தால் அவர்களுக்குப் பணம் வந்துவிடும். 2003 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கோ பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று விதித்தார்கள். சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்தைப் பிடித்து, சர்க்கார் தன் பங்காக அதே அளவு சேர்த்துவந்தது. நாம் அந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர். எனவே பெரியவர்கள் சிரித்துப் பேசியதை நாம் பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது இறால் கூடையுடன் ஒரு மீனவர் வந்து சேர்ந்தார். பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்துக்காரர், தலைமையாசிரியரிடம் படித்தவர். அவருக்கும் பேச்சு பனியில்தான் தொடங்கியது, ஆனால் குல்லாய்ப் பனியல்ல. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கி ஆறும் ஏரியில் இறங்க வேண்டும். முகத்துவாரம் மண் தூர்ந்துபோகாமல் திறந்திருக்க வேண்டும். வாடைக்காற்று அளவோடு வீச வேண்டும். அப்போதுதான் இறால் ஓடும். அவ்வருஷம் மிக்ஜாம் புயல் தண்ணீரைத் தாராளமாகத் தந்தது. ஆனால் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து, அங்குள்ள குப்பங்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின.

"எங்கள் ஏரி இறாலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள், ஐயா" என்றார்.

கணக்கு ஆசிரியரின் பிரசங்கத்தைச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "இதுவும் எங்கள் பாடு மாதிரிதானா?" என்று வினவினார்.

பாடு என்பது பழவேற்காட்டில் தலைமுறைகளாக நடந்துவரும் முறை. இறால் ஓடும் நல்ல துறைகள் சிலவே. அவற்றிற்குப் போட்டியிட்டுச் சண்டை போடாமல், எந்தக் குழு எந்த நாளில் எந்தத் துறையில் சுத்துவலை கட்டுவது என்று குலுக்கலில் தீர்மானித்து முறை மாற்றிக்கொள்வார்கள். குப்பத்தில் தலைக்கட்டாக இருப்பவருக்குப் பாடு உண்டு. இதில் எல்லாருக்கும் இடம் உண்டு என்று புகழ நாம் தயாரில்லை. பாடு கிடையாத வேறு சமூகத்தாருடன் மனஸ்தாபங்கள் உண்டாகியிருக்கின்றன. ஆயினும் பாடு உள்ளவர் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து வாய் திறக்கலாம்.

கணக்கு ஆசிரியர் தம் செல்போனில் அந்த ஐம்பது கம்பெனிகளின் ஜாபிதாவைக் காட்டினார். தமிழாசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்துவந்தவர், ஒரு பெயரில் நிறுத்தி, கடற்பக்கம் தெரிந்த பெரிய கிரேன்களை ஏறிட்டுப் பார்த்தார். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இல் எல் அண்டு டி கம்பெனியாரால் தொடங்கப்பட்டு, 2018-இல் அதானி துறைமுகக் கம்பெனியின் வசமாயிற்று. அக்கம்பெனி நிப்டியில் ஒன்று. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் எழுந்தது. அது ஏரியையும் கரையையும் கெடுக்கும் என்று மீனவக் குப்பங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின.

"நூறு ரூபாயில் ஏறக்குறைய ஒரு ரூபாய்தான் அதற்குப் போகிறது. நாம் போடாவிட்டால் கிரேன் நின்றுவிடுமா?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"நிற்காது. ஆனால் அது வேகமாக ஓடினால் நமக்குச் சந்தோஷமாயிருக்கும். இவரை எதிரே வைத்துக்கொண்டு அந்தச் சந்தோஷத்தை எப்படிப் படுவது?" என்றார் தமிழாசிரியர்.

நமக்கு டச்சுக்காரர்களின் நினைவு வந்தது. 1602-இல் ஹாலந்தில் பொதுஜனங்களிடம் பங்கு விற்று ஏற்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி இதே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியது. 1620-களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றியது. ஆம்ஸ்டர்டாமில் பங்கு வாங்கியவர்களில் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் இருந்தாள். அவள் தன் சேமிப்பு எந்தக் கரையில் என்ன செய்கிறது என்று கண்டிருக்க முடியாது. நமக்கோ கிரேன் கண்ணெதிரே நின்றது.

மீனவருக்கு இந்தச் சரித்திரத்தில் அக்கறையில்லை. "அந்த ஒரு ரூபாய்க்கு நீங்கள் கம்பெனிக் கூட்டத்தில் போய்ப் பேசலாமா?" என்று கேட்டார்.

பேச முடியாது. பங்குகள் நிதியின் பெயரில் இருப்பதால் வாக்கு அதை நடத்தும் கம்பெனியாருக்கே. எப்படி வாக்களித்தோம் என்று அவர்கள் வெளியிட வேண்டும் என்பது மட்டும் 'செபி'யின் விதி. இதைச் சொன்னதும் அவர், "அப்படியானால் அது பாடு இல்லை" என்று சொல்லிவிட்டு இறாலை நிறுக்க ஆரம்பித்தார்.

தலைமையாசிரியர் தம் தொகையில் பெரும்பகுதியைத் தபாலாபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டார். அப்போது வட்டி 8.2 சதவிகிதம். கணக்கு ஆசிரியரின் மனம் நோகாதிருக்க மிச்சத்தைக் குறியீட்டு நிதியில் வைத்தார். தமிழாசிரியர் ஒரு காசும் போடவில்லை. நமக்குப் பதினைந்து வருஷத்திற்குமேல் உத்தியோகம் பாக்கி. வீட்டில் இரண்டு குழந்தைகள். மாதம் 2,000 ரூபாய் அந்த நிதியில் கட்டிவருகிறோம். வருஷத்திற்கு ஒருமுறை அதன் வாக்கு ஜாபிதாவைத் திறந்து, துறைமுகக் கம்பெனியின் பெயர் வரும் வரியைத் தேடிப் படிக்கிறோம்.