இன்னும் ஒரு பொழுது

இரண்டாம் நாள் காலை, என் வரிசையில் பச்சை என்று ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் பெருமையாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பக்கத்து வரிசையில் குத்தவைத்து வெட்டிக்கொண்டிருந்த பாட்டி, நான் வரப்பில் போட்டிருந்த குவியலைக் கிளறிப் பார்த்தார். "இது களையில்ல சாமி, ராத்திரிக்குக் கொழம்பு" என்று பண்ணைக்கீரையை மட்டும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். அதே குவியலில் நாலு கத்தரி நாற்றும் கிடந்தன. அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துப் பழைய இடத்திலேயே ஊன்றி, கையால் தண்ணீர் விட்டார்.

கரூர் மாவட்டத்தில் கடவூர்ப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் போல நிலம். இதே வட்டாரத்தில் சுருமான்பட்டியில்தான் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வானகம் என்ற பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பரில் அவர் மறைந்தபோது அங்கேயே அவரை விதைத்தார்கள். 'புதைத்தார்கள்' என்று இந்தப் பக்கத்து இயற்கை விவசாயிகள் யாரும் சொல்வதில்லை. நான் போனது வானகத்துக்கு அல்ல, அந்த வழியில் வந்த ஒருவரின் தோட்டத்துக்கு. மூன்று நாள், தங்கிப் படிப்பது. பதினாறு பேர் வந்திருந்தோம். பாதிப் பேருக்கு நிலம் உண்டு, விவசாயம் தெரியாது. மீதிப் பேருக்கு இரண்டும் இல்லை.

முதல் நாள் மாலையே பயிருக்கு விடும் ஜீவாமிர்தக் கரைசல் போட்டோம். இயற்கை விவசாயத்தில் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை. 200 லிட்டர் தண்ணீருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்போரத்து மண் ஒரு கைப்பிடி. இதை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுத முடியாத வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சாணத்தைக் கட்டி இல்லாமல் கையால் கரைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த பையன் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையுறை கேட்டான். "கையுறைக்குக் கட்டி தெரியாது தம்பி" என்றார் பண்ணைக்காரர். கொஞ்ச நேரத்தில் அவன் முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். வெதுவெதுப்பாக இருப்பதாகச் சொன்னான்.

அந்த ஒரு கைப்பிடி மண் எதற்கு என்று கேட்டேன். உரமும் மருந்தும் படாத மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கும். அது உறைமோர் மாதிரி. வெல்லமும் மாவும் அவற்றுக்குத் தீனி. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் போதும். டிரம்மை ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்து, காலையும் மாலையும் வலப்பக்கமாகக் கலக்க வேண்டும். ஏன் வலப்பக்கம் என்பதற்கு மட்டும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கலக்கினேன்.

மேட்டுப்பாத்தி போடுவதில்தான் என் உள்ளங்கை போனது. நாலடி அகலத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையை நீட்டினால் நடு எட்ட வேண்டும். ஏனென்றால் பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்தால் மண் இறுகும், காற்றும் வேரும் உள்ளே போகாது. இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஐந்தே நிமிடத்தில் நான் பாத்தியின் நடுவில் நின்று மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தேன். யாரோ சிரித்த பிறகுதான் காலைப் பார்த்தேன்.

பழைய பாத்தியொன்றில் மூடாக்கை விலக்கிக் காட்டினார்கள். கரும்புச் சோகை, அதன் கீழே பாதி மக்கிய சருகு, அதற்கும் கீழே நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சணம். மண்ணைப் பிடித்தால் உருண்டை நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த வாசனை. இரண்டடி தள்ளி மூடாக்கு இல்லாத இடத்தில் மண் ஓடு மாதிரி வெடித்துக் கிடந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த முறையைச் செலவில்லாத விவசாயம் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். உரக்கடைக்குப் போக வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் மூடாக்கைச் சுமந்து போட்டது மூன்று பெண்கள். பூச்சிவிரட்டிக்கு நொச்சி, எருக்கு, வேம்பு, ஆடாதொடை இலைகளை இடித்துக் கோமியத்தில் ஊறப்போட்டதும் அவர்களே. அவர்களுக்குக் கூலி உண்டு. இயற்கை விளைச்சல் என்று அங்ககச் சான்று வாங்க வேண்டுமானால் ஆண்டுப் பயிருக்கே குறைந்தது 2 ஆண்டு மாறுதல் காலம். அதுவரை விளைச்சலை அந்தப் பெயரில் விற்க முடியாது. பண்ணைக்காரர் இதை மறைக்கவில்லை. "வேலையை விட்டுட்டு வந்துராதீங்க. மொதல்ல அரை ஏக்கர்" என்றார். மூன்று நாளில் யாரும் நோட்டில் எழுதிக்கொள்ளாத வாசகம் அதுதான்.

மூன்றாம் நாள் மாலை. கணக்குப்படி ஊற வேண்டிய 48 மணி நேரம் முடிந்திருந்தது. ஜீவாமிர்தத்தைப் பாசனத் தண்ணீரோடு விட்டுப் பார்க்க எல்லோரும் செல்போனோடு வாய்க்காலில் நின்றோம். சாக்கை விலக்கியதும் பாட்டி டிரம்முக்குள் தலையை நீட்டி முகர்ந்தார். எங்களுக்கும் முகரச் சொன்னார். எனக்குச் சாண வாடைதான் வந்தது.

"அதேதான். இன்னும் சாணி வாடை போகல. புளிச்ச வாடை வரணும். மார்கழிக் குளிரு, இன்னும் ஒரு பொழுது கெடக்கட்டும்."

பண்ணைக்காரர் மறுபேச்சில்லாமல் சாக்கை இழுத்து மூடினார். எங்களுக்குக் கரூர் பஸ் ஆறு மணிக்கு.