ஏறாதவர் செலுத்தும் கட்டணம்

வெள்ளவத்தையில் விமானத்தைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. காலி வீதியிலே புடைவைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே பயணச்சீட்டு விற்கும் நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வீட்டின் மூத்த மகன் ரொறன்ரோவில். அடுத்த வீட்டு மகள் பாரிசில். எதிர்வீட்டுப் பெரியவரோ ஆறு மாதம் இலண்டனிலும் ஆறு மாதம் இங்குமாக வாழ்பவர். எந்த விமானத்தில் எத்தனை கிலோ பொதி கொண்டு போகலாம், எங்கே இறங்கி மாறவேண்டும், எந்த மாதத்தில் கட்டணம் தணியும் என்பனவெல்லாம் இங்கே அரிசி விலையைப்போல யாவர்க்கும் மனப்பாடம்.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. துறைமுகத் தொழிலாளியின் மனைவியும், தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் பெண்ணும், குவைத்துக்கும் றியாத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகும்பொழுதுதான் அங்கே விமானம் ஏறுகிறார்கள். கட்டுநாயக்காவில் இரு பகுதியினரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார், மற்றவர் பிள்ளைகளை விட்டுப் போகிறார்.

நாம் வெள்ளவத்தையிலே குடியிருந்துகொண்டு கொட்டாஞ்சேனையிலே ஆசிரியத் தொழில் செய்து வருகிறோம். 2022ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, பிரதமராகப் பதவியேற்ற சில நாட்களுக்குள், திரு. ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் யோசனை அதில் வெளியாயிற்று. 2021 மார்ச் முடிவில் அந்நிறுவனத்தின் மொத்த நட்டம் 37,200 கோடி ரூபா என்றும், விமானத்தில் ஒருநாளும் காலடி வைத்திராத பரம ஏழைகளுங்கூட இந்த நட்டத்தைச் சுமக்கக் கூடாதென்றும் அவர் சொன்னார். அந்த வாரம் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து நின்றான். அவனுடைய தாயார் குவைத்தில் வேலை செய்பவர்.

"சேர், எங்கம்மா காசு குடுத்துத்தானே பிளேன்ல போனாங்க? பொறகு எப்படி சேர் நட்டம் வரும்?"

பொருளாதார நிபுணர்களின் அறிக்கைகள் பலவற்றிலும் இத்துணை நேரான கேள்வியை நாம் கண்டதில்லை. அன்றைக்கு மணி அடித்துவிட்டது. இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் தேடிய விடை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 37,200 கோடி ரூபாவை நாட்டின் சுமார் 2 கோடியே 20 இலட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறக்குறைய 17,000 ரூபா விழுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவென 2021இல்தான் விதிக்கப்பட்டது. அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்! ஆக, ஐந்து பேர் கொண்ட ஒரு லயத்துக் குடும்பத்தின் பங்கு எண்பத்தைந்து நாட்கூலி. அவர்கள் எந்த விமானத்துக்கும் சீட்டு வாங்கியவர்களல்லர்.

இந்த நட்டம் எங்ஙனம் வந்தது? விமானத் தொழிலின் இயல்பு சிறிதளவு தெரிந்தால்தான் இது விளங்கும். எமது நிறுவனம் பறக்கவிடும் விமானங்களிற் பெரும்பாலானவை அதன் சொந்தமல்ல. அந்நியக் கொம்பனிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைப் பணம் டொலரில், எரிபொருள் டொலரில், இயந்திரத் திருத்தமும் உதிரிப் பாகமும் டொலரில். 2022இன் வசந்த காலத்தில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது, ஒரு விமானமும் கூடுதலாகப் பறக்காமலே, ஒரு பயணியும் குறையாமலே, கடன் வீங்கிற்று. அவ்வாண்டில் கட்டுநாயக்காவில் எரிபொருள் போதாமல், இங்கிருந்து புறப்பட்ட விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. காலி வீதியில் முச்சக்கர வண்டிகள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றன. ஆகாயத்திலும் அதே வரிசை.

எனினும் டொலர்மீது மட்டும் பழியைப் போட்டு ஒதுங்கினால் அது பாதி விடைதான். ஆரம்பத்திலிருந்தே சொல்லவேண்டும்.

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அது ஒரு டக்கோட்டா. போன வழி காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, இலங்கையின் தேசிய விமானம் முதலிற் போய் இறங்கிய இடம் வடக்கு என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருப்பார்களோ என்னவோ. அக்காலத்தில் சேர். ஜோன் கொத்தலாவலை போக்குவரத்து அமைச்சர். பின்னர் அவுஸ்திரேலிய, ஒல்லாந்து, பிரித்தானிய, பிரெஞ்சுக் கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்காளிகளாக வந்தன. விமானமும் அவர்களது, விமானியும் அவர்களது, வால்மீது எழுதிய பெயர் மட்டும் எமது என்ற நிலைமை நெடுநாள் இருந்தது. சிறிய நாடொன்றின் விமானக் கொம்பனி பிறந்த நாள்தொட்டே பிறர் தோளிற் கைபோட்டு நடந்தது. 1978இல் எயர் சிலோன் முடிந்தது. 1979 செப்டம்பரில் எயர் லங்கா தொடங்கிற்று. இம்முறை கைகொடுத்தது சிங்கப்பூர்.

அதன்பின் வந்த கால் நூற்றாண்டைக் 'கொந்தளிப்பான காலம்' என்று பத்திரிகைகள் எழுதும். கொந்தளிப்பு வானத்தில் இருக்கவில்லை. புதிய அரசியலமைப்பு அமுலுக்கு வந்த 1978 செப்டம்பர் 7ஆந் திகதி, பலாலியிலிருந்து வந்த அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வைத்து எரிக்கப்பட்டது. 1986 மே 3ஆந் திகதி கட்டுநாயக்காவில் மாலைதீவுக்குப் புறப்படவிருந்த ட்ரைஸ்டார் வெடித்து 21 பேர் மாண்டனர். 1998 செப்டம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த தனியார் விமானம் மன்னார்க் கடலில் மறைந்தது, 55 உயிர்கள். அன்றிரவு வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் விளக்கணையாத வீடுகளை நாம் அறிவோம். ஏவுகணைக்கு இரையான விமானமென்றே அது கருதப்படுகிறது. அதன் சிதைவுகள் 2012இலேதான் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டன.

2001 ஜூலை 24ஆந் திகதி விடுதலைப் புலிகள் கட்டுநாயக்காவைத் தாக்கினர். வடக்கின்மீது குண்டு போட்ட கிபீர் விமானங்கள் நின்ற தளமும், பயணிகள் விமான நிலையமும் அருகருகே ஒரே ஓடுபாதையில் இருந்தன. இராணுவ விமானங்கள் எட்டுடன் மூன்று எயர்பஸ் விமானங்களும் அழிந்தன. வேறு சில சேதமுற்றன. தேசிய நிறுவனத்தின் பன்னிரண்டு விமானங்களிற் பாதி ஒரே விடியலில் உபயோகமற்றுப் போயிற்று. காப்புறுதிக் கொம்பனிகள் உடனே யுத்த அபாயக் கட்டணத்தை உயர்த்தின. கப்பல்களும் கொழும்பை ஒதுக்கத் தொடங்கின. அவ்வாண்டு, சுதந்திரத்துக்குப் பின் முதற்றடவையாக, நாட்டின் உற்பத்தி வளராமற் சுருங்கியது. ஏழு வாரங்கள் சென்று நியூயோர்க்கில் நடந்தது உலகறிந்தது. அதன் அதிர்ச்சியில் சுவிசின் சுவிஸ் எயரும் பெல்ஜியத்தின் சபேனாவும் அதே ஆண்டில் விழுந்தன. பாதி விமானங்களை இழந்த கொழும்பு நிறுவனமோ தப்பிப் பிழைத்தது. அதைத் தப்புவித்தவர்கள் தொழிலாளர்களும் பொறியியலாளர்களும் என்பதை ஒருவரும் பெரிதாக எழுதவில்லை.

ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட பின்பு யாழ்ப்பாணம் போகக் கப்பலும் விமானமுமே கதி. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கும், அதன்பின் ஆசனத்துக்கும் காத்திருக்க வேண்டும். நோயுற்ற உறவினர் ஒருவரைப் பார்க்க நாமும் மூன்று கிழமை காத்திருந்தோம். கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தைக் கடித்துத் தின்னும் கட்டணம். வேறு வழியில்லாதவனிடம் எவ்வளவும் கேட்கலாம் என்ற ஏகபோகத்தின் இலக்கணத்தை அன்று வரிசையில் நின்று கற்றோம்.

இனி, யுத்தத்தின்மீதும் பழிபோட முடியாத பகுதிக்கு வருவோம். 1998இல் துபாயின் எமிரேற்ஸ் 40 வீதப் பங்கை 7 கோடி டொலருக்கு வாங்கி, பத்தாண்டு நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, நிரம்பிய விமானத்திலிருந்து பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. பிரதம நிர்வாகியின் வேலை அனுமதி இரத்தாயிற்று. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிய, எமிரேற்ஸ் போயிற்று. அந்நிய மூலதனம் போனதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் அது போன இடத்தில் பொதுமக்களா வந்து அமர்ந்தார்கள்? ஜனாதிபதியின் மைத்துனர் தலைவராக அமர்ந்தார். 2007இல் மிஹின் லங்கா என இன்னொரு அரசாங்க விமானக் கொம்பனி முளைத்து, கடனோடு வளர்ந்து, 2016இல் மூடப்பட்டது. 2013இல் சீனக் கடனில் மத்தளை விமான நிலையம் திறக்கப்பட்டது; அங்கே பயணிகளைத் தேடித் தேசிய நிறுவனம் வெறும் ஆசனங்களோடு பறந்தது. பிற்பாடு அதன் களஞ்சியங்களில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. நெல்லுக்காவது உதவிற்றே!

அதே 2013இல் நிறுவனம் எயர்பஸ்ஸிடம் ஆறு ஏ-330களும் நான்கு ஏ-350களும் வாங்க உடன்பட்டது. நீண்டதூரப் பயணத்துக்குரிய அந்த ஏ-350களிற் பறக்க எம்மிடம் போதிய பாதைகள் இருக்கவில்லை. 2016இல் ஏ-350 ஒப்பந்தங்களை முறித்தார்கள். முறித்ததற்குத் தண்டமாகச் சுமார் 10 கோடி டொலர் போயிற்று. ஓர் ஏ-350 விமானமும் வரவில்லை. ஏன் வாங்கினார்கள் என்பதற்கான விடையில் ஒரு பகுதி 2020 ஜனவரி 31ஆந் திகதி இலண்டன் நீதிமன்றத்திலே வெளிவந்தது. விமான நிறுவனத்தில் கொள்வனவோடு தொடர்புடைய ஒருவரின் மனைவி பெயரால் இயங்கிய கொம்பனிக்கு 1 கோடியே 68 இலட்சம் டொலர் வரை தருவதாகச் சொல்லி, 20 இலட்சம் டொலரைக் கொடுத்தும் விட்டதாக எயர்பஸ் ஒத்துக்கொண்டது. பல நாடுகளில் செய்த இத்தகைய செயல்களுக்காக மொத்தம் 360 கோடி யூரோ அபராதம் கட்டியது. அப்பணம் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் திறைசேரிகளுக்குப் பிரிந்து போயிற்று. இலஞ்சத்தின் விளைவைச் சுமந்த நாட்டுக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

இது எயர்பஸ்ஸின் தனிக்குணம் என்று எண்ணிவிடலாகாது. எயர் லங்கா ஒருகாலத்தில் பறக்கவிட்ட ட்ரைஸ்டாரைச் செய்த லொக்ஹீட் கொம்பனி, அதே விமானத்தை யப்பானில் விற்க அந்நாட்டுப் பிரதமர் தனாக்காவுக்கு 50 கோடி யென் கொடுத்தது. 1976இல் அவர் கைதானார். அவ்விமானத்துக்கு இயந்திரம் செய்யப்போய் 1971இல் றோல்ஸ் றோய்ஸே முறிந்தது. பிரித்தானிய அரசாங்கம் அதனைத் தேசியமயமாக்கித் தூக்கி நிறுத்திற்று. தனியார் துறையின் ஆற்றலைப் பற்றி எமக்கு உபதேசிப்போர் இதனை ஏனோ சொல்வதில்லை. 250 விமானங்களுடன் 1984இல் ட்ரைஸ்டார் உற்பத்தியும் நின்றது. இன்று பெரிய பயணிகள் விமானம் வேண்டுமானால் உலகில் போகக்கூடிய வாசல்கள் இரண்டே: எயர்பஸ், போயிங். போயிங்கின் 737 மாக்ஸ் 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எதியோப்பியாவிலும் விழுந்து 346 பேர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டுகளிலே அக்கொம்பனி கோடிக்கணக்கான டொலரைத் தன் பங்குகளைத் தானே வாங்கி விலையேற்றச் செலவிட்டது. 2014இல் தொழிலாளரின் ஓய்வூதியத் திட்டத்தை வெட்டியதும் அதே கொம்பனிதான். 2024 செப்டம்பரில் 33,000 தொழிலாளர் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, நான்கு ஆண்டில் 38 வீதச் சம்பள உயர்வைப் பெற்றார்கள். ஓய்வூதியம் மட்டும் திரும்பவில்லை. மாணவனின் தாய் ஏறிய விமானத்தின் ஆணியை முறுக்கியவனும் நட்டம் சுமப்பவனே.

விற்றுவிட்டால் ஏழையின் சுமை இறங்குமா? இந்தியாவைப் பார்ப்போம். எயர் இந்தியாவின் கடன் 2021இல் 61,000 கோடி இந்திய ரூபாவுக்கும் மேல். டாட்டா 18,000 கோடிக்குக் கேட்டது. அதில் 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி மட்டுமே ரொக்கம். மீதிக் கடன் அரசாங்கத்தின் தலையிலேயே நின்றது. 2022 ஜனவரியில் விமானங்கள் கைமாறின. கடனின் பெரும்பகுதி பொதுமக்களோடு தங்கிற்று. கொழும்பிலும் 2023, 2024இல் விலைபேசிப் பார்த்தார்கள். தகுந்த முதலாளி கிடைக்கவில்லை. 2024இன் இறுதியில் புதிய அரசாங்கம் விற்பதில்லையெனத் தீர்மானித்தது. நல்லது. ஆனால் அரசாங்கத்திடம் இருப்பதால் மட்டும் ஒன்று மக்களுடையதாகிவிடாது என்பதற்கு மேலே கண்டவையே சாட்சி.

2020இல் கொரோனாவின்போது வளைகுடாவிலே வேலையிழந்த பெண்கள், திரும்பும் விமானத்துக்கும் தனிமைப்படுத்தும் விடுதிக்கும் பணமின்றி மாதக்கணக்கில் தவித்தனர். பல்லாண்டுகளாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களுக்குத் தேசிய விமானத்தில் ஓர் இலவச ஆசனம் கொடுத்தால் அது நட்டக் கணக்கில் ஏறுமாம். வராத ஏ-350களுக்குக் கட்டிய 10 கோடி டொலர் எந்தக் கணக்கில் ஏறிற்று? ஒவ்வொரு குத்தகை ஒப்பந்தமும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சாகிப் பாராளுமன்றத்தின் முன் வரட்டும். நிர்வாக சபையிலே பொறியியலாளரும் பொதி சுமப்பவரும் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் அமரட்டும். குவைத்துக்குப் போகும் பெண்களின் சங்கத்துக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கட்டும். 2019 ஒக்டோபரில் பலாலி மறுபடி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது இந்திய அரசாங்கத்தின் அலையன்ஸ் எயர். 1947இல் எமது டக்கோட்டா போன அதே பாதை அது.