அழிந்ததா, அழித்தார்களா?

என் மகள் சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது அவளிடம் இருப்பது மேல்நிலை வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் கணினிக் கம்பெனிப் பிள்ளைகள். பாடத்தில் சுற்றுச்சூழல், வனவிலங்குப் பாதுகாப்பு என்று வந்ததும், "மேடம், இதெல்லாம் மீட்டிங்கில் வருமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். விடாதே என்றேன்.

அந்தப் பாடம் டோக்கி என்ற பறவையைப் பற்றியது. நம் அரிவாள் மூக்கனின் உறவு. சிறகின் உள்பக்கம் இளஞ்சிவப்பு; அந்த நிறத்துக்கே ஜப்பானியரிடம் 'டோக்கி இரோ' என்று பெயர். இறகுக்காக வேட்டையாடினார்கள், பிறகு வயலில் மருந்தடித்தார்கள். 1981இல் சாடோ தீவில் மிஞ்சியிருந்த ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்தும் பெருகவில்லை. ஜப்பானின் பழைய வம்சத்தில் கடைசிப் பறவையின் பெயர் கின். அதற்கு நாள்தோறும் இரை போட்டுப் பழக்கிய மனிதரே 1968இல் அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வயதாகிக் கண் மங்கிய கின், 2003 அக்டோபரில் திடீரென்று எழும்பிப் பறந்து, கூண்டில் மோதி இறந்தது. இதைப் படித்தபோது வகுப்பில் யாரும் மீட்டிங்கைப் பற்றிப் பேசவில்லையாம்.

மகள் செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பாடத்தில் 'ஸெட்சுமெட்சு ஷிதா' என்று இருக்கிறது. அழிந்துபோனது என்று பொருள். அதை 'ஸெட்சுமெட்சு ஸஸெதா', அதாவது அழித்துவிட்டார்கள் என்று மாற்றி எழுதச் சொன்னாள். மாற்றினால் யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? தமிழில் ஒரே எழுத்துதான் வித்தியாசம்: அழிந்தது, அழித்தது. முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியாதா! எங்கள் ஆபீசில் எந்தக் கோப்பையும் யாரும் தொலைத்ததில்லை. எல்லாம் தாமாகவே 'காணாமற் போயின'.

நடுவில் ஒரு சிக்கல். டோக்கி தின்னும் 'டோஜோ' என்ற மீனுக்கு அகராதியில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. அது ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் போன் வந்தது. படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன், நம் அயிரையின் ஜாதி. நான் பிரெஞ்சுப் பள்ளியில் 'ஸப்பேன்' என்ற மரத்தைப் பார்க்காமலே டிக்டேயில் பிழையின்றி எழுதியவன். அப்படிப் படித்த சொல் வாயில் நிற்கும், கண்ணில் நிற்காது.

அயிரை என்றதும் திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, தட்டுத்தடுமாறி ஜப்பானிய மொழியிலேயே, தன் தாத்தா வாய்க்காலில் கூடையால் அயிரை அள்ளியதையும், தான் அதைக் கடையில் மட்டுமே பார்த்திருப்பதையும் சொல்லியிருக்கிறான். வயலுக்கு மருந்தடிப்பது அவன் அப்பாதான். 'ஷிதா'வா 'ஸஸெதா'வா என்று அவள் கேட்கவில்லை. அவனே ஒரு நிமிடம் நின்று, 'ஸஸெதா' என்றானாம்.

சாடோவில் விவசாயிகள் மருந்தைக் குறைத்தார்கள். குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் நிறுத்தினார்கள், டோஜோ வாழ வரப்போரம் பள்ளம் வெட்டினார்கள். 1999இல் சீனா கொடுத்த ஜோடியிலிருந்து தொடங்கிய வம்சத்தில் பத்துப் பறவைகளை 2008 செப்டம்பரில் வெளியே விட்டார்கள். இன்று அங்கே 500க்கு மேல் பறக்கின்றன. அந்த அரிசிக்குத் தனி முத்திரையும் உண்டு. பையன் அந்தப் பகுதியை மட்டும் தமிழாக்கி அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினானாம். "அரிசி என்ன விலைக்குப் போகுது?" என்று பதில் வந்ததாம். நியாயமான கேள்வி!

அடுத்த வாரம் யாகுஷிமா தீவின் கடலாமைகள். நம்மூர்ப் பெயர்களை வைத்திக்குப்பத்தில் மீனவர்களிடம் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். நாளைக் காலை நடைக்கு அந்தப் பக்கமாகப் போக வேண்டும்.